கசியாத வீடு

மூன்றாவது வீட்டு வாசலில் வைத்துத் தரகர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. சாருக்குத் தலையில எப்பவாவது அடிபட்டிருக்கா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. உள்ளே என் வீட்டுக்காரர் செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, அந்தத் துண்டைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, துண்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டு லேசாக உருவிக்கொண்டு வந்தால் உதட்டைப் பிதுக்குவார். மேலே ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கீழே ஒரு தடவை. கதவுகள் முடிந்ததும் ஜன்னல்கள். ஜன்னல்கள் முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து மெழுகுவர்த்தி வெளியே வரும். அதைக் கொளுத்திச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டே போவார். சுடர் எங்கே சாய்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. அடுத்தவர் வீட்டுச் சுவராச்சே என்ற நினைப்பே மனுஷனுக்குக் கிடையாது.

"அவர் பழம், கிழங்கு வைக்கிற குளிர்பதனக் கிடங்குல மெக்கானிக்கா இருந்தவர்," என்றேன். "கதவு கசியுதான்னு பார்க்கிறார்."

"இங்க கசிஞ்சா என்னம்மா ஆயிடப் போகுது? வெளியிலயும் சூடுதானே? இந்த ஊர்ல காத்து வர்ற வீட்டுக்குத்தான் அடிதடி."

அந்த ஆள் சொன்னதை நான் அன்றைக்கே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் வெயிலில் அலைந்து எனக்குக் கால் வலி, பசி வேறு. எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்த வேகத்தில் போகாது. அன்று தரகர் மேலும் கோபம், வீட்டுக்காரர் மேலும் கோபம், வீடு பார்க்கிற வயதா இது என்று என் மேலேயே கோபம். மண்டையில் எதுவும் ஏறவில்லை.

நாங்கள் ஊரை விட்டு வந்ததே குளிருக்குப் பயந்துதான். எங்கள் ஊர் மலை மேலே. குளிர்காலத்தில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப் போகும். அந்த ஊரிலும் இவர் வேலை பார்த்தது கிடங்குக்குள். வெளியே குளிர், உள்ளே அதைவிடக் குளிர். அதனால் கசிவு என்பது இவருக்கு ஒரு வியாதி மாதிரி. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை யார் மூடினாலும் பின்னாடியே போய் இன்னொரு தரம் அமுக்குவார். விருந்தாளி உள்ளே நுழைந்தால் வாங்க என்று சொல்வதற்கு முன்னால் அவருக்குப் பின்னால் இருக்கிற கதவைச் சாத்துவார்.

போன குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அது நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிதான். நான் வருஷக்கணக்காக டோக்கன் கொடுத்த அதே மேஜையில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து எனக்கு டோக்கன் கொடுத்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அவரிடம், "குளிர் மாசங்கள்ல எங்கயாவது வெதுவெதுப்பான ஊர்ல போய் இருங்க," என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இவர் மருந்து வாங்கப் போனதும் என்னிடம் சிரிக்காமல் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால உறுதி சொல்ல முடியாதும்மா." இதை நான் அவரிடம் சொல்லவில்லை. மகளிடம் மட்டும் சொன்னேன். அவள்தான் எங்கெங்கோ விசாரித்து, குளிர் என்றால் என்னவென்றே தெரியாத இந்த ஊரைப் பிடித்துக் கொடுத்தாள்.

வந்து ஒரு லாட்ஜில் இறங்கி, வீடு பார்க்கக் கிளம்பினோம். முதல் வீடு சமையலறை ஜன்னலில் தோற்றது. இரண்டாவது வீடு எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. கீழே தையற்கடை, மேலே வீடு. மூன்று பக்கமும் ஜன்னல். உள்ளே நுழைந்ததும் காற்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தது. தெருவில் யார் யாருடன் பேசினாலும் தெளிவாகக் கேட்கும். காலமெல்லாம் ஜனங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவளுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்த வீட்டுக் கதவு மரம் உப்பி, வளைந்து, எப்படிச் சாத்தினாலும் ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இவர் காகிதத் துண்டை இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே கீழே விழுந்தது. மெழுகுவர்த்தி வாசலைத் தாண்டுவதற்குள் அணைந்துவிட்டது.

"இது வீடில்ல, சல்லடை," என்றார்.

வீட்டுக்குச் சொந்தக்காரியான தையற்காரம்மா படியில் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் அளவு நாடா, வாயில் ரெண்டு குண்டூசி. அவள் குண்டூசியை எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "சல்லடைதான் சார். அதனாலதான் நாங்க ஃபேன் போடாம தூங்கறோம்."

எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. ஆனால் இவர் காதில் போட்டுக்கொள்ளாமல் படியிறங்கிவிட்டார்.

மூன்றாவது வீடும் தேறவில்லை. தரகர் வெறுத்துப்போய், அதே தையற்கடைத் தெருவில் எதிர் வரிசைக் கோடியில் இருந்த ஒரு வீட்டைக் காட்டினார். யாரும் வாடகைக்கு வராமல் கிடந்த வீடு. முன்னால் அதில் பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டுடியோ நடந்ததாம். வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது என்று கதவை ஒரு சாண் தடிமனில் செய்து, ஓரமெல்லாம் ரப்பர் ஒட்டியிருந்தார்கள். ஜன்னல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்று. அதுவும் இரட்டைக் கண்ணாடி போட்டது, திறக்காது. ஏ.சி. இருந்த ஓட்டையைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள்.

இவர் கதவைச் சாத்தினார். தெருவில் போன ஆட்டோ, தையல் மெஷின், எல்லாச் சத்தமும் ஒரே வெட்டாய் நின்றுபோனது. காகிதத் துண்டை இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். துண்டு பாதியில் கிழிந்தது.

கிழிந்த பாதியை எங்களிடம் தூக்கிக் காட்டினார். முதல் மார்க் வாங்கிய பையனின் முகம் போல இருந்தது அந்த முகம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புக்குத்தான் நான் தலையாட்டினேன். தரகரும் விட்டது தலைவலி என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் சில நாட்கள் நன்றாகத்தான் போயின. நல்ல வெதுவெதுப்பு. இவர் பனியனோடு கட்டிலில் சாய்ந்துகொண்டு, "பாரு, ஒரு இடத்துலகூடக் கசியலை," என்று காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சொல்வார். சமைத்தால் ஆவி போக இடமில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்தது. குளித்துவிட்டுப் போட்ட துண்டு மறுநாள் காலையிலும் ஈரம். உப்பு டப்பாவைத் திறந்தால் உள்ளே உப்புத்தண்ணீர். ரொட்டி வாங்கி வைத்தால் மறுநாளே பூஞ்சை பூத்துவிடும். நான் வேகாத குறை.

வெளியே தெருவே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும். நான் பொத்தான் தைக்க வேண்டும், கொக்கி வைக்க வேண்டும் என்று சாக்கு வைத்துக்கொண்டு தையற்காரம்மாவிடம் ஓடுவேன். போனால் லேசில் திரும்பமாட்டேன். அவளும் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். ஒருநாள் நான் நீட்டிய ரவிக்கையைப் பார்த்து, "அக்கா, இதுல எல்லாப் பொத்தானும் இருக்கு. ஒண்ணைப் பிய்ச்சாவது கொண்டு வரக்கூடாதா?" என்றாள்.

அப்புறம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இருமினார்.

புரையேறிய இருமல் இல்லை அது. அடிநெஞ்சிலிருந்து பிராண்டிக்கொண்டு வருகிற இருமல். போன குளிர்காலம் முழுக்கப் பக்கத்துத் தலையணையில் நான் கேட்ட இருமல். எனக்குக் கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. அவர் தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எங்கயோ கசியுது," என்றார். "குளிர் உள்ள வருது."

அன்று சாயங்காலமே கடைக்குப் போய் அகல டேப்பும் பசைக்குழாயும் வாங்கி வந்தார். சமையலறையில் புகை போக இருந்த சின்ன ஓட்டையை அடைத்தார். குளியலறை மேலே இருந்த காற்றுவழியில் பிளாஸ்டிக் உறையை ஒட்டினார். சாவித் துவாரத்தையும் விடவில்லை. இருமல் கூடியது. கூடக்கூட இவர் மெழுகுவர்த்தியோடு சுவர் சுவராக அலைந்தார். அந்த மெழுகுவர்த்தியும் ஆணி அடித்த மாதிரி நேராக எரிந்தது.

நான் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்திக் காட்டினேன். அவர் தலைமாட்டுக்கு நேர் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி. கிட்டே போனால் பழைய சாக்கு நாற்றம்.

"இதைத்தாங்க நீங்க மூச்சா இழுத்துக்கிட்டிருக்கீங்க. குளிருமில்ல, கசிவுமில்ல."

"அது பழைய பெயின்ட்."

"கதவைத் திறந்து வைப்போம்."

"திறந்து வைக்கிறதுக்கா இந்தக் கதவைத் தேடிக் கண்டுபிடிச்சேன்?" ஒற்றைக் காலில் நின்றார். பிறகு இருமினார். இருமி முடித்து, குரல் இறங்கிப்போய்ச் சொன்னார்: "இங்க வந்தும் இருமல்தான்னா ஊருக்கே போயிடலாம். ரயில் எப்பன்னு கேளு. இருமுறதை நம்ம வீட்டுக் கட்டில்ல படுத்து இருமறேன்."

எனக்கு டாக்டர் சிரிக்காமல் சொன்னது காதில் விழுந்தது. ஊரில் அப்போது குளிர் உச்சத்தில் இருக்கும். இந்த மனுஷனை அங்கே கூட்டிப் போவதும் ஒன்றுதான், நானே கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைப்பதும் ஒன்றுதான். பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். வந்தது.

"உங்க கிடங்குல ஆப்பிள் அடுக்கினா காலையிலயும் சாயங்காலமும் காத்துவழியைத் திறந்து விடணும்னு யார் சொன்னது?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"திறந்து விடலைன்னா ஆப்பிள் விடற மூச்சே ஆப்பிளைக் கெடுத்துடும்னு சொன்னது யாரு? ராத்திரி ஷிப்ட்காரன் மறந்துட்டான்னு அவனை நாள் பூரா திட்டித் தீர்த்தீங்களே? ஆப்பிளுக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்லையா? உங்களுக்கே இல்லையா?"

முகத்தில் ஈயாடவில்லை. "அது வேற கணக்கு," என்றார். அதோடு சரி. எழுந்து கதவைத் திறப்பார் என்று பார்த்தேன். போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தார்.

இனிமேல் இந்த ஆளிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று மறுநாள் காலையில் தையற்கடைக்குப் போனேன். மாடி காலியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குக்கா. ஆனா நாளைக்கு ஒருத்தர் வர்றேன்னிருக்கார்."

"நாளைக்கு வர்றவர்கிட்ட, நேத்தே ஒருத்தி வந்துட்டான்னு சொல்லிடுங்க."

பாயையும் தலையணையையும் கட்டினேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்து, நான் எவ்வளவு தூரம் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வீம்புக்குச் செய்கிறேன், வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிடுவேன் என்று நினைப்பு. கடைசியாக அடுப்பைத் தூக்கியபோதுதான் எழுந்தார்.

"அடுப்பை எங்க எடுத்துட்டுப் போற?"

"நான் இருக்கிற இடத்துக்கு. நீங்க உங்க கிடங்குல இருங்க. பசிச்சா மாடிக்கு வாங்க."

தெருவுக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது. வயதான புருஷன் பெண்டாட்டி, ஒரே தெருவில் ரெண்டு வீடு. மகளுக்கு அவர் போனில் என்ன மூட்டிவிட்டாரோ, அவள் பதறிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, இந்த வயசுல பிரிஞ்சிருக்கீங்களா?"

"பிரியல. எதிர் வரிசையிலதான் இருக்கார். ஜன்னல்ல நின்னா அவர் கதவு தெரியுது."

"அப்பா ராத்திரியில இருமறாராம்மா?"

அதற்குத்தான் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மாடி வீட்டில் உட்கார்ந்தால் நாலு வீடு தள்ளியிருக்கிற குழந்தை தும்முவது கேட்கிறது. அவர் வீட்டிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் வராது. ஒருநாள் விடியற்காலையில் மனசு கேட்காமல் போய் அந்தத் தடிக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. இருமினாலாவது பரவாயில்லை, கேட்டால் போதும் என்றிருந்தது. அவ்வளவு பயம் நான் ஆஸ்பத்திரியில்கூடப் பட்டதில்லை. அப்படியே கதவைத் தட்டி, சரி, ரயில் பார்க்கலாம் என்று சொல்லிவிட இருந்தேன். சொல்லவில்லை. திரும்பி வந்து, அவருக்குப் பிடித்த மாதிரி மிளகைத் தூக்கலாகப் போட்டுச் சமைத்தேன். அவர் ஒரு தரம் கதவைத் திறந்தால் போதும், வாசனை வாசலில் காத்திருக்கும். அது தெருவெல்லாம் போகும்.

வேளை தவறாமல் சாப்பிட வந்தார். கோபத்தோடுதான். சாப்பிட்டு முடித்து நன்றாக இருக்கிறது என்றும் சொல்லமாட்டார், உட்காரவும் மாட்டார். கதவைப் பார்த்து ஒரு முறை உதட்டைப் பிதுக்கிவிட்டுப் படியிறங்கிவிடுவார். நானும் இருங்க என்று சொல்லவில்லை. அதுவும் ஒரு வீம்புதான்.

ஒரு மத்தியானம் படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. சாப்பிட்டதும் ஜன்னலோர நாற்காலியில் ஒரு நிமிஷம் என்று சாய்ந்தார். நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். காற்று அந்தக் கோணல் கதவைப் படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தது. குளிர்சாதனப் பெட்டி சரியாக மூடவில்லை என்று தூக்கத்திலிருந்து எழுந்து போகிற மனுஷன், அசையவில்லை. கீழே மெஷின் ஓடுகிறது, தெருவில் யாரோ காய்காரரோடு சண்டை. நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மூச்சைக் கேட்டேன். கரகரப்பு இருந்தது. ஆனால் அது பாட்டுக்கு உள்ளே போய் வெளியே வந்தது. வெயில் சாயும்வரை அவர் ஒரு தடவைகூட இருமவில்லை.

கண் விழித்ததும் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "என்னமோ தெரியல, அசந்துட்டேன்," என்றார், யாரோ குற்றம் சாட்டிய மாதிரி.

மறுநாள் சாப்பிட வரும்போது கையில் தலையணை இருந்தது. அடுத்த நாள் லுங்கியும் மருந்து டப்பாவும் வந்தன. அதற்கடுத்து ரேடியோ. தையற்காரம்மா கீழேயிருந்து, "சார், ஒரு வண்டி சொல்லட்டுமா? எதுக்குத் தவணையில வர்றீங்க?" என்று கேட்டாள். அவர் காதில் விழாத மாதிரி மேலே ஏறினார். ஆனால் படியில் சிரித்ததை நான் பார்த்தேன்.

தன் மேல் தப்பு என்று அவர் இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார், தலைகீழாக நின்றாலும். "அந்த வீடு ரொம்ப நிசப்தம். அதான் தூக்கம் பிடிக்கல," என்று தரகரிடம் பூசி மெழுகிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். தரகர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

இருமல் ஒரேயடியாக நிற்கவில்லை. முதலில் பகலில் குறைந்தது, பிறகு விடியற்காலையில் மட்டும் வந்தது, பிறகு அதுவும் போன இடம் தெரியவில்லை. இப்போது காலையில் தெருமுனைவரை நடக்கிறார். வழியில் நாலு பேரிடம் நின்று பேசுகிறார். ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூட இவருக்குத் தெரியாது. அன்றைக்குத் தையற்காரம்மாவின் மெஷின் திணறுகிறதென்று போய் எண்ணெய் விட்டுச் சரிசெய்து கொடுத்திருக்கிறார். எனக்கும் சாக்குத் தேடி ரவிக்கை தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. ஜன்னலில் நின்று பேசினாலே போதும். நான் இங்கே வந்து சதை போட்டுவிட்டேன் என்று மகள் போனில் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்.

நேற்று சாயங்காலம் டீயைக் கொடுத்தேன். அவர் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் குளிர் விட்டுவிட்டது, இன்னும் கொஞ்ச நாளில் நாங்கள் திரும்ப வேண்டியதுதான் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

"போறதுக்கு முன்னால அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வை," என்றார்.

"என்னன்னு?"

"அடுத்த வருஷமும் இந்த வீடு நமக்குத்தான்னு. வேற யாருக்கும் விட்டுடப் போறா."

டம்ளரை வாங்கிக்கொண்டு நான் சமையலறைக்குப் போகவில்லை, நேராகப் படியிறங்கினேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளிலிருந்து அந்த மனுஷன் வாயில் அடுத்த மாசம் என்றுகூட வந்ததில்லை. புதுச் சட்டை எடுக்கட்டுமா என்றால், இருக்கறது போதும் என்பார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டிருந்தேன்.

தையற்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னக்கா?"

"அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வரவில்லை. காலி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, நடுக்கடையில் நின்று, தெருவெல்லாம் பார்க்க அழுதேன். அவள் மடியில் கிடந்த வெட்டுத்துணியில் பெரியதாக ஒன்றைப் பொறுக்கி என்னிடம் நீட்டினாள்.